குளம் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

வணக்கம் ஐயா,

கடலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். நம் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் அமெரிக்காவிலிருந்து, வழிகாட்டும் நெறிகள் அயர்லாந்திலிருந்து என்று நடத்திக்கொண்டிருந்தேன். "அப்போ எல்லாமே காப்பியா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவள் கேட்டது நல்ல கேள்வி. அடுத்த வகுப்பில் அவளையே சட்டப்பிரிவு 15(2)-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். சாதி, மதம், பால், பிறந்த இடம் என்று எதைக் காட்டியும் யாரையும் கடைக்குள், உணவு விடுதிக்குள் விடாமல் தடுக்கக் கூடாது. பொதுக் கிணறு, குளம், படித்துறை, சாலை எதையும் மறுக்கக் கூடாது என்று இருக்கும்.

நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியில் நான் இதை வாசித்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் "குளம்னே போட்டிருக்கா சார்?" என்று எழுந்து வந்தான். அந்த வரியில் விரல் வைத்து மெதுவாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தான்.

அமெரிக்க அரசியலமைப்பில் கிணறும் குளமும் கிடையாது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலித் மக்களின் பெருங்கூட்டத்தோடு போய் மகாராஷ்டிராவில் மகாட் ஊரின் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். எல்லாருக்கும் உண்டு என்று நகராட்சியே தீர்மானம் போட்டிருந்த குளம். அதில் குடித்ததற்கே அன்று அவர்களுக்கு அடி விழுந்தது. உரிமைகளைப் பட்டியலாக எழுதும் முறையை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டோம், அதை மறைக்க வேண்டாம். பட்டியலில் குளம் வர வேண்டும் என்பது இங்கே அடிபட்டவர்களால் வந்தது.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பிரான்சிலிருந்து வந்தவை என்றும் பாடத்தில் வரும். சரி, அப்போது புதுச்சேரியைச் சொல்லுங்கள், உங்களுக்குப் பக்கம்தானே. அதே பிரெஞ்சு ஆட்சியில்தான், 1936 ஜூலை 30 அன்று, சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலையும் கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு வருடம் எட்டு மணி நேரம் சட்டமானது. சங்கம் அமைக்கும் உரிமையைச் சொல்லும் 19(1)(சி) வரும்போது இதைச் சொல்லாமல் கடந்துவிடாதீர்கள்.

அப்புறம், வீட்டுப்பாடமாக ஒன்று. அவரவர் ஊர்க் குளத்தில், கிணற்றில் முன்பு யாரையெல்லாம் இறங்க விடவில்லை என்று பாட்டி தாத்தாவிடம் கேட்டு வரட்டும். சில பிள்ளைகளுக்கு அது சொந்த வீட்டுக் கதையாக இருக்கும். அவர்களை எழுப்பி நிறுத்திச் சொல்ல வைக்காதீர்கள், எழுதித் தரட்டும்.