'டைடி அப் இட்' என்று எழுதலாமா?

கேள்வி: அறிக்கை ஒன்றைச் சீராக்கித் தரும்படி சக ஊழியருக்கு 'ப்ளீஸ் டைடி அப் இட்' என்று எழுதினேன். மேலதிகாரி தவறு என்கிறார். 'டைடி அப் தி ரூம்' என்றுதானே படித்தோம்? அறிக்கைக்கு இந்தச் சொல் பொருந்தாதா?

பதில்: சொல் பொருந்தும். 'இட்' நிற்கும் இடம்தான் தவறு. பொருளின் பெயரையே சொல்லும்போது 'டைடி அப் தி ரூம்', 'டைடி தி ரூம் அப்' இரண்டும் சரி. பெயருக்குப் பதிலாக 'இட்', 'தெம்' வந்தால் அவை நடுவில்தான் வர வேண்டும்: 'டைடி இட் அப்'. 'பிக் அப்', 'புட் அவே', 'த்ரோ அவுட்' ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

கலைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்துவதே டைடி அப். அறிக்கை என்றால் எழுத்துப்பிழை, தாறுமாறான இடைவெளி, ஒன்றுக்கொன்று ஒவ்வாத தலைப்பு அளவு போன்ற சில்லறைத் திருத்தங்கள். மாற்றி எழுதச் சொல்வதாகாது. தரையில் பால் கொட்டினால் அங்கே க்ளீன் அப்தான் வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிதானமாக இருங்கள்: 'டைடி அப் ஆஃப்டர்'. ஒருவர் கலைத்துப் போட்டதை மற்றொருவர் பின்னாலேயே ஒழுங்குசெய்வதை இப்படிச் சொல்வார்கள். பிள்ளைகள் இறைத்த பொம்மைகளை எடுத்து வைக்கும் தாய், 'ஐ டைடி அப் ஆஃப்டர் தெம்' என்பார். இங்கே 'தெம்' கடைசியில் வருகிறது. ஏனெனில் அது பொம்மைகளைக் குறிக்கவில்லை, இறைத்த பிள்ளைகளைக் குறிக்கிறது. அது 'ஆஃப்டர்' என்பதோடு சேர்ந்தது. அதை நடுவில் நுழைத்து 'ஐ டைடி தெம் அப்' என்றால், பிள்ளைகளுக்கே தலைவாரி உடை திருத்துவதாகப் பொருள் மாறிவிடும். ஆகவே 'ஆஃப்டர்' வந்தால், யார் கலைத்தார்களோ அவர்கள் அதற்குப் பின்னால்தான்.

'30 நாளில் 500 ஃபிரேசல் வினைகள்' (டைடி அப், பிக் அப் போன்ற கூட்டு வினைகள்) என்று பட்டியல் விற்பவர்களிடம் தயவுசெய்து பணத்தைக் கொடுக்காதீர்கள். 'டைடி அப் என்றால் சுத்தம் செய்' என்று ஒரு வரி இருக்கும். 'இட்' எங்கே வரும் என்று ஒரு சொல் இருக்காது. சேரும் முன் அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். விடை சொல்லத் தெரியாதவர் உங்களுக்கு எதைக் கற்றுத்தரப் போகிறார்? இவர்களுக்குச் சந்தை அமைத்துக் கொடுப்பது நம் தேர்வு முறைதான். 'பொருத்துக' பகுதியில் கோடு போட்டு முழு மதிப்பெண் வாங்கும் மாணவரை, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நீங்கள் வேலைக்கு வந்தபின் தடுமாறுவது அதனால்தான். உங்கள் அறிவுக் குறைவால் அல்ல.

அடுத்த முறை 'குட் யூ டைடி இட் அப், ப்ளீஸ்?' என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் அவர் 'ஐ ஹேவ் டைடிட் இட் அப்' என்று பதில் அனுப்பலாம். அந்த 'டைடிட்' என்பதில் கடைசி 'ஒய்' எழுத்து 'ஐ' ஆகிவிடும்; 'டைடியிங்' என்று எழுதும்போது மாறாது.