வெளியே நிறுத்தினால் அது எதிர்மறை வலுவூட்டலா?

அன்புள்ள ஐயா,

பி.எட். படிக்கிறேன். எங்களுக்குக் கொடுத்த நோட்ஸில் எதிர்மறை வலுவூட்டலுக்கு, ‘வீட்டுப்பாடம் செய்யாத மாணவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது’ என்று உதாரணம் இருக்கிறது. நூலகத்தில் பார்த்த உளவியல் புத்தகமோ அது தண்டனை என்கிறது. தேர்வில் எதை எழுதுவது? இரண்டும் வேறு என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் என்ன ஆகிவிடப்போகிறது?

ஒரு மாணவி, தஞ்சாவூர்

அன்புள்ள மாணவிக்கு,

புத்தகத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஒரு நடத்தையைக் குறைப்பது தண்டனை. வலுவூட்டல் என்று பெயர் வந்துவிட்டால், முன்னால் நேர்மறை இருந்தாலும் எதிர்மறை இருந்தாலும், அந்த நடத்தை கூடியாக வேண்டும். ‘எதிர்மறை’யைக் கழித்தல் குறி மாதிரி படியுங்கள். தொல்லை ஒன்று கழிகிறது; அதைக் கழித்துவிட்ட செயல் நிலைத்துவிடுகிறது. பெட்டிக்குள் எலி. அடித்தரைக் கம்பிகளில் லேசான மின்சாரம். நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் நிற்கும். எலி சீக்கிரமே நெம்புகோலை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

நோட்ஸ் எழுதியவரை ரொம்பவும் திட்ட வேண்டாம். இந்தத் துறையின் முன்னோடியான அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரே 1938இல் வந்த தன் முதல் புத்தகத்தில் ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்ற சொல்லை இன்று நாம் தண்டனை என்று சொல்வதற்குத்தான் பயன்படுத்தினார். 1953இல் எழுதியபோதுதான் இப்போதுள்ள பொருளுக்கு வந்தார்.

என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்டீர்கள். நிறைய ஆகும். மளிகைக்கடையில் பிள்ளை சாக்லேட் கேட்டுத் தரையில் புரள்கிறது. நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா வாங்கிக் கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றதை எல்லோரும் கவனிப்போம். கொடுத்தால் அழுகை நிற்கும் என்று அம்மாவும் அதே நிமிடத்தில் கற்றுக்கொண்டார். அதுதான் எதிர்மறை வலுவூட்டல். அமெரிக்காவில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன், குடும்பங்களில் முரட்டுத்தனம் வளரும் விதத்தை விளக்கியபோது, இப்படி இருவரும் ஒருவரையொருவர் பழக்கிக்கொள்வதைத்தான் முக்கியமாகச் சுட்டினார்.

இதைவிடக் கனமான இடம் ஓசிடி; வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். (மேசையை ஒழுங்காக அடுக்குபவர்களெல்லாம் ‘எனக்கு ஓசிடி’ என்று சொல்லிக்கொள்வது தனி எரிச்சல்.) கையில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்ற பயம் எழுகிறது, கழுவுகிறார், பயம் சற்றுத் தணிகிறது. அந்தத் தணிவுதான் அடுத்த கழுவலுக்கு ஆளைக் கூட்டிப்போகிறது. கழுவாமலே இருந்தாலும் பயம் தானாக இறங்கும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. 1966இல் உளவியலாளர் விக்டர் மேயர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இரண்டு நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையை வெளியிட்டார். பயப்படும் பொருளைத் தொட வைத்து, பிறகு கழுவுவது போன்ற சடங்கைச் செய்யவிடாமல் செவிலியர்கள் கூடவே இருந்தார்கள். இன்றும் ஓசிடிக்கு முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் பேச்சுவழிச் சிகிச்சை அதன் வழிவந்ததுதான். ‘சுத்தமாத்தான் இருக்கு, பயப்படாதே’ என்று வீட்டார் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆறுதலும் அந்தக் கழுவலைப் போலவே வேலை செய்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

உங்கள் நோட்ஸ் உதாரணத்துக்கு வருகிறேன். அதில் இன்னொரு கோணம் இருக்கிறது. எது தண்டனை, எது வலுவூட்டல் என்பதை ஆசிரியரின் நோக்கம் முடிவு செய்வதில்லை; பிறகு நடத்தை கூடியதா குறைந்ததா என்பதே முடிவு செய்யும். கணக்கு வகுப்பென்றாலே வயிற்றைக் கலக்கும் பையனை வெளியே நிறுத்துங்கள். கரும்பலகைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவார்களோ என்ற கவலை தீர்ந்தது. நாளைக்கும் அவன் வீட்டுப்பாடத்தோடு வரமாட்டான். வீட்டுப்பாடம் செய்யாமல் வருவதற்கு நீங்களே எதிர்மறை வலுவூட்டல் கொடுத்துவிட்டீர்கள்! அவன் போனதும் வகுப்பில் சலசலப்பு அடங்கினால், வெளியே அனுப்பும் உங்கள் பழக்கமும் வலுப்படும்.

ஆனால் இதைத் தேர்வில் எழுதாதீர்கள். விடைக்குறிப்பை வைத்துத் திருத்துபவருக்கு இவ்வளவு பொறுமை இருக்காது. சீட்பெல்ட் போட்டதும் காரின் ‘பீப்’ சத்தம் நிற்பதை எழுதுங்கள். முழு மதிப்பெண்ணுக்கு அது போதும்.