மிச்சிகன் கொலம்பஸுக்குப் போகிறது: கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ஆட்டத்தைப் பற்றியவை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: சனிக்கிழமை, 30 நவம்பர் 2024, கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேட் மைதானத்தில் மிச்சிகன். 10 வெற்றி, 1 தோல்வி (10-1) என்று நிற்கும், தரவரிசையில் இரண்டாம் நிலை அணியின் வீட்டுக்கு 6-5 அணி போகிறது. ஒரே கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

ஆட்டம் இந்திய நேரப்படி எப்போது? (சென்னை வாசகர்)

சனிக்கிழமை இரவு 10.30. மூன்றரை மணி நேரம் இழுக்கும். ஞாயிறு காலை முகூர்த்தம் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பந்தயக்காரர்கள் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 20 புள்ளி முன்னிலை தருகிறார்கள். மிச்சிகனுக்கு வாய்ப்பே இல்லையா? (ட்ராய், மிச்சிகன்)

இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு வழியில். ஆட்டத்தைச் சுருக்க வேண்டும். பந்தை எறிந்து முன்னேறுவதில் ஆட்டத்துக்கு 150 யார்டைக்கூடத் தொடாத அணி இது. ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் க்வாட்டர்பேக் இடத்தில் இந்தப் பருவத்தில் மூன்று பேரை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்துவிட்டார்கள். ஆட்டத்துக்குச் சுமார் 11 புள்ளி மட்டுமே விட்டுக்கொடுக்கும் தடுப்பாட்டத்துக்கு எதிராக இவர்கள் முப்பது எடுக்கப்போவதில்லை. கலெல் மல்லிங்ஸை ஓடவிட்டு, கடிகாரத்தைக் கரைத்து, இரு பக்கமும் ஆளுக்கு எட்டு, ஒன்பது முறைதான் பந்து கிடைக்கும்படி செய்ய வேண்டும். 50 யார்டுக்கு அப்பாலிருந்தும் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கக்கூடிய கிக்கர் டொமினிக் ஸ்வாடா இருக்கிறார். கிக்கரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நெருக்கமான ஆட்டத்தில் கடைசியில் அவர்தான் கணக்கு.

இன்னொரு பக்கம், ஒஹாயோ ஸ்டேட்டின் அஃபென்சிவ் லைன் (க்வாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) ஒட்டுப்போட்ட லைன். இடது ஓரத்தில் நிற்கும் டாக்கிள் ஆரெகன் ஆட்டத்தில் முழங்காலைப் பறிகொடுத்தார். நடுவில் நின்று பந்தைப் பின்னால் தரும் சென்டர் இப்போது குதிகால் தசைநாண் அறுந்து வெளியே. அந்த நடுப்பகுதிக்கு நேர் எதிரே மிச்சிகனின் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று ஆளுக்கு 150 கிலோவை ஒட்டிய இருவர். வெளிப்பக்கம் பந்து பிடிக்கும் ஜெரமையா ஸ்மித், எமெகா எக்பூகா ஆகியோருக்குப் பந்தை எறிந்துகொண்டே இருந்தால் ஒஹாயோ ஸ்டேட் மூன்றாம் குவார்ட்டரிலேயே வேலையை முடித்துவிடும். மூன்று ஆண்டுகளாக 'மிச்சிகன்தான் முரட்டு அணி' என்று கேட்டுக் கேட்டு, அதைப் பொய்யாக்கியே தீருவேன் என்று நடுவிலேயே முட்டிக்கொண்டிருந்தால் ஆட்டம் கடைசி ஐந்து நிமிடம் வரை போகும். வீம்பு விலை கேட்கும் இடம் அதுதான்.

பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாவது டவுனில் எத்தனை யார்டு பாக்கி என்று பாருங்கள். மிச்சிகனுக்கு இரண்டு, மூன்று என்றால் வண்டி ஓடுகிறது. எட்டு, ஒன்பது என்றால் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம்.

மிச்சிகனின் தடுப்பாட்டக்காரர் வில் ஜான்சன் ஆடுவாரா? (நியூ ஜெர்சி)

அக்டோபரில் இல்லினாய் ஆட்டத்தில் காலில் அடிபட்டதிலிருந்து களமிறங்கவில்லை. நம்பி இருக்காதீர்கள்.

மிச்சிகனுக்கு ஒப்பந்தமான அந்தப் புதிய க்வாட்டர்பேக்கை இந்த ஆட்டத்தில் இறக்கினால் என்ன?

அந்தப் பையன் இன்னும் உயர்நிலைப் பள்ளி மாணவன். செய்தியின் தலைப்போடு நிறுத்தாமல் இரண்டாம் வரியையும் படித்திருக்கலாம்.

இண்டியானாவிடம் மிச்சிகன் 5 புள்ளியில் தோற்றது. அதே இண்டியானாவை ஒஹாயோ ஸ்டேட் 23 புள்ளியில் வென்றது. ஆக, ஒஹாயோ ஸ்டேட் 28 புள்ளியில் வெல்லும் என்கிறேன். சரிதானே? (கோயம்புத்தூர்)

சரியில்லை. ஒவ்வொரு ஆண்டும் நவம்பரில் இந்தக் கழித்தல் கணக்கு என் மேசைக்கு வருகிறது, ஒவ்வொரு ஆண்டும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 19 அன்று இண்டியானா நெப்ராஸ்காவை 56-7 என்று அடித்து நொறுக்கியது. வித்தியாசம் 49. ஒரு வாரம் கழித்து அதே நெப்ராஸ்காவை ஒஹாயோ ஸ்டேட் சொந்த மைதானத்தில் திணறித் திணறி 21-17 என்று வென்றது. வித்தியாசம் 4. உங்கள் முறைப்படி இண்டியானா ஒஹாயோ ஸ்டேட்டைவிட 45 புள்ளி உயர்ந்த அணி. களத்தில் இருவரும் மோதியபோது ஒஹாயோ ஸ்டேட் 38-15. நீங்கள் 45 என்றால் மைதானம் எதிர்த் திசையில் 23 என்கிறது. இந்தத் தராசில் ஒரு கிலோ வெங்காயம்கூட வாங்க மாட்டேன்.

அந்த 38 எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? முதல் பாதி முடியும் தறுவாயில் இண்டியானாவின் பண்டர் (பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துத் தள்ளுபவர், அந்த உதைதான் பண்ட்) கைக்கு வந்த ஸ்நாப்பை, அதாவது பின்னால் எறியப்பட்ட பந்தை, நழுவவிட்டார். ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கோல் கோட்டருகே பந்து கிடைத்தது, டச்டவுன். மூன்றாம் குவார்ட்டரில் ஒஹாயோ ஸ்டேட்டின் கேலப் டவுன்ஸ் ஒரு பண்ட்டைப் பிடித்து 79 யார்டு ஓடி இன்னொன்று. 14 புள்ளிகள் பண்ட் தொடர்பான இரண்டு நிகழ்வுகளில் வந்தவை. அதை எடுத்துக்கொண்டுபோய் மிச்சிகன் ஆட்டத்தில் கூட்டினால் எப்படி? மிச்சிகனின் பண்டரும் நழுவவிடுவார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

ஸ்கோர் என்பது ஆட்டத்தின் ரசீது. எதை எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்பது அதில் இருக்காது. பார்க்க வேண்டியது யார்டு, பந்து பறிகொடுத்தது, களத்தின் எந்த இடத்தில் பந்து தொடங்கியது, அப்புறம், சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, மூன்றாவது டவுனில் எத்தனை யார்டு பாக்கி. இவற்றோடு எழுதுங்கள், பொறுமையாகப் பதில் சொல்கிறேன். கழித்தல் கணக்கோடு அடுத்த கடிதம் வந்தால் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிடுவேன்.

ஃபுட்பால் என்கிறார்கள், ஏன் கையால் ஆடுகிறார்கள்?

அடுத்த கடிதம்.

ஒரு லட்சம் பேர் கத்துவது உண்மையிலேயே எதிரணியைப் பாதிக்குமா, சும்மா சொல்கிறார்களா? (டப்ளின், ஒஹாயோ)

நல்ல கேள்வி. பாதிக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. இருபது வயதுப் பையன்கள் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை. காது கேட்காமல் போவதுதான் பிரச்சினை.

சொந்த மைதானத்தில் க்வாட்டர்பேக் குரல் கொடுப்பார், அந்தக் குரலுக்கு லைன் மொத்தமும் ஒன்றாகப் புறப்படும். கொலம்பஸில் அது எடுபடாது. சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு தலையைத் திருப்பிக் க்வாட்டர்பேக்கின் காலைப் பார்ப்பார். கால் அசைந்ததும் சென்டரின் இடுப்பில் ஒரு தட்டு. சென்டர் தலையை நிமிர்த்தி மனதுக்குள் எண்ணி ஸ்நாப் செய்வார். ஓரத்தில் நிற்கும் டாக்கிள் ஒரு கண்ணால் பந்தையும் மறு கண்ணால் தன்மீது பாயவிருக்கும் ஆளையும் பார்த்துக்கொண்டு நிற்பார். அரை நொடி பிந்தினால் க்வாட்டர்பேக் தரையில். முந்தினால் ஃபால்ஸ் ஸ்டார்ட், ஐந்து யார்டு அபராதம். மூன்றாவது டவுனில் மூன்று யார்டு என்றிருந்தது எட்டு ஆகிவிடும். அந்த ஐந்து யார்டைத்தான் ஒரு லட்சம் பேரும் தொண்டையால் சம்பாதிக்கிறார்கள்.

இந்தப் பருவத்திலிருந்து பயிற்சியாளர் க்வாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் நேரடியாகப் பேசலாம். ஸ்நாப்புக்கான அவகாசத்தை எண்ணும் ப்ளே கிளாக்கில் 15 நொடி இருக்கும்போது அது அறுந்துவிடும். க்வாட்டர்பேக் இரு கைகளாலும் ஹெல்மெட்டின் காதுத் துளையைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றால் சத்தம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன், இல்லினாய், இண்டியானா என்று இந்த ஆண்டு வெளியூர் போன மூன்று முறையும் மிச்சிகன் தோற்றுத்தான் திரும்பியது.

தோற்றால் ஒஹாயோ ஸ்டேட்டின் பருவம் முடிந்ததா?

இல்லை. தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் இந்த ஆண்டிலிருந்து 12 அணிகளுக்கு. இண்டியானாபொலிஸ் போய் பிக் டென் கூட்டமைப்பின் பட்டத்துக்கு ஆரெகனோடு மோதும் வாய்ப்புதான் கைநழுவும்.

ரயன் டே நல்ல பயிற்சியாளரா இல்லையா? (கொலம்பஸ்)

ஒஹாயோ ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளராக இதுவரை 66 வெற்றி, 9 தோல்வி. ஒன்பதில் மூன்று மிச்சிகனிடம், அதுவும் தொடர்ந்து 2021, 2022, 2023. உங்கள் ஊரில் அந்த 66-ஐ யாரும் எண்ணுவதில்லை.

குளிர் யாருக்குச் சாதகம்?

இருவரும் பக்கத்து மாநிலத்தவர்கள். யாருக்கும் இல்லை. ஆனால் வானிலை ஒரு ஆட்டத்தை என்ன செய்யும் என்று கேட்டிருந்தால் 1950-ஐச் சொல்வேன். அதே கொலம்பஸ், அதே நவம்பர் கடைசி, பனிப்புயல். கோடு தெரியாத களம். இரு அணிகளும் சேர்ந்து 45 முறை பண்ட் செய்தன. பந்தை வைத்திருப்பதே ஆபத்து என்று முதல் டவுனிலேயே உதைத்துத் தள்ளினார்கள். மிச்சிகன் ஒரே ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (பத்து யார்டு கடந்து புதிய நான்கு முயற்சி பெறுவது) எடுக்கவில்லை, ஆனாலும் தடுக்கப்பட்ட பண்ட்டுகளால் 9-3 என்று வென்றது. ஒஹாயோ ஸ்டேட்டின் பயிற்சியாளர் வெஸ் ஃபெஸ்லர் அதன்பின் விலகினார். அடுத்து வந்தவர் வுடி ஹேஸ்.

சனிக்கிழமை உறைநிலையை ஒட்டிய குளிர் இருக்கும். புயல் இல்லை. கோயம்புத்தூர் நண்பர் 45 பண்ட்டை எதிலிருந்து கழிப்பார் என்று மட்டும் யோசிக்கிறேன்.

முதல் முறை மைதானத்துக்குப் போகிறேன், மேல்தளத்தில் டிக்கெட். என்ன எடுத்துச் செல்ல வேண்டும்? (சின்சினாட்டி)

குல்லாய், கையுறை, இரண்டு ஜோடிக் காலுறை. அதோடு ஒரு அட்டைப்பெட்டித் துண்டு. குளிர் மேலிருந்து வருவதில்லை, கான்கிரீட்டிலிருந்து காலணி வழியே ஏறுகிறது. அட்டையைக் காலடியில் போட்டுக்கொண்டால் நாலாம் குவார்ட்டர் வரை தாங்கலாம். மிச்சிகனின் நீல நிறத்தில் சட்டை வேண்டாம்.

ஸ்கோர் சொல்லுங்கள். (பலர்)

ஒஹாயோ ஸ்டேட், ஏறக்குறைய இரண்டு டச்டவுன் வித்தியாசத்தில். 20 எனக்கு அதிகமாகத் தெரிகிறது. முதல் பாதியில் ஒஹாயோ ஸ்டேட் நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் பதிலை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறார்கள். ஏதாவது பழுதுவேலையா? (கொலம்பஸ், புதிய மாணவர்)

தம்பி, இதைச் சனிக்கிழமை வரை வேறு யாரிடமும் கேட்காதே.