விசைத்தறிக் கூடத்துக்கான திட்டமிடல் மென்பொருளை அலுவலகக் கணினியில் நாமே நிறுவிக்கொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர் இளம்பிள்ளையில் பதினாறு விசைத்தறிகளில் சேலை நெய்கிறார். எந்தத் தறியில் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) எப்போது தீரும், அடுத்த பாவுக்குச் சாயம் போட்ட நூல் இருக்கிறதா என்பதையெல்லாம் இதுவரை நோட்டில் எழுதி வந்திருக்கிறார். ஒடூ என்ற திட்டமிடல் மென்பொருளின் இலவசப் பதிப்பான கம்யூனிட்டியை நிறுவ முயன்றபோது, அது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைக் கேட்டதால் தயங்கி நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறார்.

முடியும். சேலத்தில் சிறு தொழிற்கூடங்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பது என் தொழில். இதே மென்பொருளைத் தறிக்கூடங்களில் நிறுவியிருக்கிறேன். நிறுவுவது ஒரு பிற்பகல் வேலைதான். ஆனால் நீங்கள் தயங்கி நின்ற அந்தத் தரவுத்தளம்தான் இதில் முக்கியமானது என்பதால், அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

திரையில் நீங்கள் பார்க்கும் ஒடூ வேறு, உங்கள் கணக்கு இருக்கும் இடம் வேறு. ஒடூ பழுதானால் மறுபடி இறக்கி நிறுவிக்கொள்ளலாம். நீங்கள் பதியும் பாவுக் கணக்கும் நூல் இருப்பும் போஸ்ட்கிரெஸுக்குள்தான் இருக்கும். அது போனால் எங்கிருந்தும் இறக்க முடியாது. அது வேலை செய்யும் முறை நம் கடைக் கணக்குப்பிள்ளைகளுக்குப் புதிதல்ல. நாள் முழுவதும் நடப்பதை முதலில் சிட்டையில் எழுதிவிட்டு, பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா? போஸ்ட்கிரெஸும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு முன்பதிவேட்டில் எழுதி, அது வட்டில் உறுதியாக இறங்கிய பிறகே "பதிந்தாயிற்று" என்று சொல்கிறது; தரவுக் கோப்புகளில் பின்னர்தான் சேர்க்கிறது. நடுவில் மின்சாரம் போய்விட்டால், மறுபடி இயங்கும்போது அந்தச் சிட்டையைப் படித்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்கிறது. வேகம் கூடும் என்று சொல்லி, வட்டில் உறுதியாக எழுதும் இந்த அமைப்பை அணைத்துவிடும்படி யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். கோடை மழைக்கு முன் காற்றடிக்கும் மாலைகளில் நம் பக்கம் மின்சாரம் எத்தனை முறை போய் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். அலுவலகத்தில் இன்வெர்ட்டர் இருந்தால் அது யூபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் அது மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்து எழுந்துவிடும்.

நிறுவத் தொடங்கும் முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். விண்டோஸில் ஒடூவை சோதனைக்கும் தனி ஒருவர் பயன்பாட்டுக்கும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம், அன்றாடத் தொழிலுக்கு ஏற்றதல்ல என்று அதைச் செய்தவர்களே தங்கள் ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். பல பணிகளைப் பிரித்து ஒரே நேரத்தில் நடத்தும் முறை விண்டோஸில் அதற்கு இல்லை என்பது ஒரு காரணம். ஆகவே இதற்கென்றே ஒரு கணினியை ஒதுக்க முடியுமானால் அதில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு நிறுவுவதையே நான் பரிந்துரைப்பேன். கணக்கு மென்பொருளான டேலி ஓடும் அதே கணினிதான் உங்களிடம் இருக்கிறது என்றால், இரண்டு மூன்று பேர் மட்டும் பயன்படுத்தும் கூடத்துக்கு விண்டோஸில் தொடங்கலாம். என் அனுபவத்தில் அந்த அளவுக்குத் தாங்கியது. கீழே சொல்வது விண்டோஸுக்கானது.

ஒடூவின் நிறுவியே போஸ்ட்கிரெஸையும் சேர்த்துத் தருகிறது. அதை ஏற்காமல், போஸ்ட்கிரெஸை முதலில் தனியாக நிறுவுங்கள். சேர்ந்து வருவதில் தரவுத்தளப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உலகம் முழுக்கத் தெரிந்தவை; தனியாக நிறுவினால் அவை உங்களுடையவையாக இருக்கும். தரவுக் கோப்புறையை எங்கே வைப்பது என்று கேட்கும்போது சி வட்டை விட்டுவிட்டு டி வட்டைக் கொடுங்கள். கணினி மெதுவாகிவிட்டது என்று கொண்டுபோனால் பழுதுபார்ப்பவர் முதலில் அழிப்பது சி வட்டைத்தான். அடுத்து அது கேட்கும் கடவுச்சொல், தரவுத்தளத்தில் எல்லா உரிமையும் உள்ள தலைமைப் பயனருக்கானது. அதை ஒரு தாளில் எழுதி, பணப்பெட்டியில் வையுங்கள். போர்ட் எண் (மற்ற மென்பொருள்கள் அதை அணுகும் வாசல் எண்) 5432 என்று காட்டும், அப்படியே விடலாம். கடைசியில் கூடுதல் கருவிகளை நிறுவவா என்று கேட்பது இதற்குத் தேவையில்லை.

பிறகு போஸ்ட்கிரெஸை நிர்வகிக்கும் கருவியான பிஜிஅட்மினைத் திறந்து, தரவுத்தளம் உருவாக்கும் உரிமை மட்டும் கொண்ட ஒரு புதிய பயனரை உண்டாக்கி, அந்தப் பெயரை ஒடூவுக்குக் கொடுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். தலைமைப் பயனரின் பெயரையே கொடுத்தால், அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி ஒடூ இயங்க மறுத்துவிடும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒடூ நிறுவி முடிந்ததும் உலாவியில் 8069 என்ற போர்ட்டில் திறக்கும். முதல் பக்கத்திலேயே மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அது தெரிந்த எவரும் உங்கள் தரவுத்தளத்தை அழிக்க முடியும். தறிக்கூடத்தில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து திறக்க வேண்டுமானால், ரவுட்டரில் இந்தக் கணினிக்கு நிலையான முகவரி ஒதுக்கி, விண்டோஸ் ஃபயர்வாலில் 8069-ஐ மட்டும் உள்வலைக்குத் திறந்துவிடுங்கள். 5432-ஐத் திறக்க வேண்டாம். தரவுத்தளத்தோடு பேச வேண்டியது ஒடூ மட்டும்தான், அது அதே கணினியில் இருக்கிறது. கணினி தானாக உறங்கும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள்.

பெயர்களைப் பதிவதில் ஓர் எச்சரிக்கை. ஒரு கூடத்தில் பழைய நிறப் பட்டியலை எக்செல்லிலிருந்து சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்பாக மாற்றி ஏற்றினேன். அங்கே முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, மயில் கழுத்து, ராமர் பச்சை, அரக்கு எல்லாம் கேள்விக்குறியா நிக்குது பாருங்க" என்றார். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் அழிந்து கேள்விக்குறிகளே மிஞ்சும். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று இருக்கும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால் அதுவும் போதாது. பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். மேலே தெரியும் உருவம் மட்டுமே தமிழ். எழுத்துருமாற்றி ஒன்றில் இட்டு யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

அதேபோல் அளவு அலகையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நூலைக் கிலோவில் வைப்பதா, கட்டு எண்ணிக்கையில் வைப்பதா என்பதை முதல் இருப்புப் பதிவுக்கு முன் தீர்மானிக்க வேண்டும். சரக்கு ஒரு முறை நகர்ந்துவிட்டால் அந்தப் பொருளின் அலகை மாற்றுவது சிக்கல். ஒரு சேலையை அல்லாமல் ஒரு பாவை ஓர் உற்பத்தி ஆணையாக வைத்து, அதில் எத்தனை சேலை இறங்குமோ அத்தனையை எண்ணிக்கையாகக் கொடுப்பது நம் தொழிலுக்குப் பொருந்துகிறது. தறிகளை வரிசையாகக் காட்டி, நாள்வாரியாகக் கட்டங்களை இழுத்து வைக்கும் திட்டப் பலகை பணம் கட்டும் பதிப்பில்தான் உண்டு. கம்யூனிட்டியில் அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதில் பட்டியலாகப் பார்க்கலாம். பதினாறு தறிக்கு அது போதும்.

இனி நகலெடுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஒரு கூடத்தில், போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் தரவுக் கோப்புறையைத் தினமும் மாலையில் பென் டிரைவில் நகலெடுத்து வந்தேன். ஹார்டு டிஸ்க் போன நாளில் அந்த நகலைப் புதிய கணினியில் வைத்துப் பார்த்தேன். தரவுத்தளம் எழவே இல்லை. ஓடும் தரவுத்தளத்தின் கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுத்தால், முதல் கோப்பு ஐந்து மணிக்கும் கடைசிக் கோப்பு ஐந்தே காலுக்கும் உரியதாக இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா. மூன்று மாதக் கணக்கை அந்த வீட்டு அம்மாவும் மகளும் கூலி நோட்டுகளிலிருந்து இரவு இரவாக மறுபடி பதிந்தார்கள். அது என் பிழை. அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இன்றும் எனக்குக் கனக்கிறது.

சரியான வழி பிஜி_டம்ப் என்ற கருவி. தரவுத்தளம் ஓடும்போதே, ஒரு குறிப்பிட்ட கணத்தின் நிலையை முழுமையாக எழுதித் தரும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு தறி நிற்கும் நேரத்துக்கு அதை வைத்துவிடலாம். ஆனால் டிசைன் படங்கள், ரசீதுகள் போன்ற இணைப்புகளைப் பெரும்பாலும் ஒடூ தரவுத்தளத்துக்கு வெளியே தனிக் கோப்புறையில் வைக்கிறது. பிஜி_டம்ப் அவற்றை எடுக்காது. ஆகவே வாரம் ஒரு முறை ஒடூவின் தரவுத்தள மேலாண்மைப் பக்கத்திலிருந்து ஜிப் வடிவில் முழு நகலையும் இறக்குங்கள். அதில் இரண்டும் சேர்ந்து வரும். ஒரு நகல் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

முதல் உண்மையான பாவைப் பதிவதற்கு முன்பே, பொய்யாக நான்கு பதிவுகளைப் போட்டு நகலெடுத்து, அதே பக்கத்தில் வேறு பெயரில் மீட்டுப் பாருங்கள். மீட்கும்போது இது இடம் மாற்றியதா, நகலா என்று கேட்டால் நகல் என்று சொல்லுங்கள். அந்த நான்கு பதிவுகளும் படங்களோடு தெரிந்தால், மறுநாள் காலையில் ஒன்றாம் தறியிலிருந்து தொடங்கலாம்.