கொச்சியில் இரண்டு நாள்

கேள்வி: நானும் கணவரும் இரண்டு நாள் கொச்சிக்குப் போகிறோம். ஓடி ஓடிப் பார்க்க முட்டி ஒத்துழைக்காது. மாலையில் கலை நிகழ்ச்சி ஏதாவது உண்டா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உண்டே! ஃபோர்ட் கொச்சியில் தினமும் மாலை கதகளி நடக்கும் அரங்குகள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்காருங்கள். நடிகர்கள் ஒப்பனை போடுவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். தாடையோரம் அரிசி மாவுப் பசையும் காகிதமும் கொண்டு ‘சுட்டி’ என்ற வெள்ளை விளிம்பு வைப்பார்கள். கண் சிவக்கச் சுண்டப்பூ விதையை இமைக்குள் இடுவார்கள். என்னைக் கேட்டால், ஆட்டத்தைவிட அதுதான் ருசி. விடிய விடிய ஆட வேண்டிய கதையைச் சுருக்கித்தான் காட்டுவார்கள். முதல் தடவைக்கு அது போதும்.

எர்ணாகுளத்திலிருந்து டாக்ஸி வேண்டாம், படகில் போங்கள். துறைமுகத்தைப் பார்த்தபடியே போய்ச் சேரலாம். சீன மீன்பிடி வலைகள், 1524இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயம் (பிறகு எலும்புகள் லிஸ்பனுக்குப் போய்விட்டன) இரண்டும் நடை தூரம்தான். மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயண ஓவியங்களுக்கும் 1568இல் கட்டிய யூதர் ஆலயத்துக்கும் ஆட்டோ பிடியுங்கள். ஒன்று, அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, ஆலயத்துக்குச் சனி. நாள் பார்க்காமல் வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைத் தரிசித்தவன் சொல்கிறேன்.