ஜாக்கியின் பணம் எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்ளினை விட்டுவிட்டு அதில் அவரோடு நடித்த சின்னப் பையனைப் பற்றியே கேட்கின்றன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் ஜாக்கி கூகனுக்கு.

கேள்வி: அனாதை இல்லத்து வண்டியில் தூக்கிப் போட்டதும் அந்தப் பையன் கையை நீட்டி அழுவானே, அதைப் பார்த்து என் பேரனும் சேர்ந்து அழுதுவிட்டான். அவ்வளவு சின்னக் குழந்தையிடம் அந்த அழுகையை எப்படி வாங்கினார்கள்? — வாசகி, மதுரை

பதில்: அது நிஜ அழுகை அம்மா. சாப்ளினே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஜாக்கி நல்ல விளையாட்டு மூடில் இருந்திருக்கிறான். என்ன சொல்லியும் அழவில்லை. அவனுடைய அப்பா, “நான் அழ வைக்கிறேன்” என்று முன்வந்தார். அழவில்லை என்றால் உன்னை ஸ்டூடியோவிலிருந்து கூட்டிப்போய் நிஜமாகவே அனாதை விடுதியில் விட்டுவிடுவார்கள் என்று மிரட்டினார். பையன் கதறிவிட்டான், கேமரா ஓடியது. காட்சி முடிந்ததும் சாப்ளின் அவனை அணைத்து, யாரும் உன்னைக் கொண்டுபோக மாட்டார்கள் என்று தேற்றினார். அதற்கு அவன், “எனக்குத் தெரியும், அப்பா சும்மாதான் சொன்னார்” என்று காதோடு சொன்னானாம்.

சாப்ளின் இதைப் பாசத்தோடுதான் எழுதுகிறார். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. படப்பிடிப்பு நடந்தபோது ஜாக்கிக்கு நாலைந்து வயதுதான். பயந்து அழுத அதே நிமிஷத்தில், அப்பா நம்மைக் கைவிட மாட்டார் என்றும் அவனால் நம்ப முடிந்திருக்கிறது. வீட்டார் மேல் வைத்த அந்த நம்பிக்கையை அவன் 20 வயது தாண்டியும் விடவில்லை. அதனால் என்ன இழந்தான் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: கோடிகளில் சம்பாதித்த அந்தப் பையனைப் பெற்றவளே ஏமாற்றிவிட்டாள் என்று எங்கோ படித்தேன். உண்மையா? சட்டம் எப்படி அதை அனுமதித்தது? — வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்மைதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜாக்கி பிறந்தது 1914 அக்டோபர் 26, லாஸ் ஏஞ்சல்ஸில். அப்பா மேடையில் ஆடும் கலைஞர். அப்பாவோடு மேடையேறிய குழந்தையைப் பார்த்துத்தான் சாப்ளின் தேர்ந்தெடுத்தார். 1921-ல் ‘தி கிட்’ வெளியானது. அடுத்த ஆண்டே ‘ஆலிவர் ட்விஸ்ட்’டில் ஆலிவர். பிறகு மெட்ரோ என்ற படக் கம்பெனி ஒப்பந்தத்துக்கு முன்பணமாக மட்டும் 5 லட்சம் டாலர் கொடுத்ததாகச் சொல்வார்கள். கடையில் ஜாக்கி பொம்மை, ஜாக்கி நோட்டுப் புத்தகம், ஜாக்கி படம் போட்ட வேர்க்கடலை வெண்ணெய் டப்பா. வளர்ந்ததும் அவன் தலைமுடியை வெட்டியதுகூடச் செய்தியானது, அதை வைத்து ஒரு படமே எடுத்தார்கள். சிறுவனாக அவன் ஈட்டியது 30 முதல் 40 லட்சம் டாலர் என்று கணக்கிடுகிறார்கள். அது 1920-களின் டாலர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1924-ல், அதாவது 9 வயதில், முதல் உலகப் போருக்குப் பின் மேற்காசியாவில் அனாதைகளான குழந்தைகளுக்காக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றுப்பயணம் போனான் ஜாக்கி. உணவு, துணி எல்லாம் சேர்த்து 10 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. ரோமில் போப்பாண்டவரே அவனைச் சந்தித்தார். ஊர் உலகத்துக் குழந்தைகளுக்குப் பணம் சேர்த்த இந்தப் பிள்ளைக்கு வீட்டில் கொடுத்த கைச்செலவு வாரத்துக்கு ஆறேகால் டாலர்!

அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 21 வயது ஆனதும் எல்லாம் தன் கைக்கு வரும் என்றே நினைத்திருந்தான். 1935 மே மாதம், மெக்சிகோவில் வேட்டைக்குப் போய்த் திரும்பும்போது கார் சாலையை விட்டு உருண்டது. அப்பா உட்பட உடன் வந்த எல்லோரும் இறந்தார்கள். ஜாக்கி ஒருவன்தான் பிழைத்தான். சில மாதங்களில் 21 வயது வந்தது, பணம் வரவில்லை. குடும்பத்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீன் என்பவரை அம்மா மறுமணம் செய்துகொண்டார். இருவரும் காசைத் தர மறுத்தார்கள்.

1938-ல் ஜாக்கி நீதிமன்றம் போனார். கலிஃபோர்னியாவின் அன்றைய சட்டப்படி, மேஜராகாத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம். வயலில் அப்பாவுக்கு உதவும் பையனை மனதில் வைத்து உருவான பழைய வழக்கம் அது. சினிமா என்ற ஒன்று வரும், அதில் ஒரு ஆறு வயதுப் பிள்ளை வீட்டுக்கே சோறு போடும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அம்மா தரப்பு அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அதோடு, கேமரா முன்னால் அவன் விளையாடிக்கொண்டுதான் இருந்தான், வேலை செய்வதாக அவன் நினைக்கவே இல்லை என்றும் வாதாடினார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இரண்டாவது வாதத்தைப் படிக்கும்போதுதான். அனாதை இல்லத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டி வாங்கிய அழுகையையும் விளையாட்டுக் கணக்கில் சேர்ப்பதா?

ஃபர் கோட்டு, வைரம், கார் என்று செலவானது போக மிஞ்சியிருந்தது சுமார் இரண்டரை லட்சம் டாலர். வழக்குச் செலவு போக ஜாக்கியின் கைக்கு வந்தது 1,26,000 டாலர்தான். கஷ்டமான நாட்களில் சாப்ளின் பண உதவி செய்திருக்கிறார்.

இந்த வழக்கு எழுப்பிய பரபரப்பில் 1939-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. ‘கூகன் சட்டம்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பங்கை அந்தக் குழந்தைக்காகத் தனியே ஒதுக்க அது வழி செய்தது. ஆனால் நீதிமன்றத்தின் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தங்களுக்குத்தான் அது பொருந்தும். இந்த ஓட்டை வழியாகப் பிறகு எத்தனையோ குழந்தைகளின் பணம் கரைந்தது. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமலுக்கு வந்த திருத்தம்தான், குழந்தை சம்பாதிப்பது குழந்தையின் சொத்து என்று திட்டவட்டமாகச் சொன்னது. 15 சதவீதம் கட்டாயம் பூட்டிய கணக்கில் போட வேண்டும், பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை பெற்றோரும் தொட முடியாது. ஜாக்கி அப்போது உயிரோடு இல்லை.

கேள்வி: ஜாக்கி கூகன் இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா? — வாசகர், தூத்துக்குடி

பதில்: வந்திருக்கிறார், ராணுவ உடையில். 1941 மார்ச்சில், அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவதற்கு முன்பே, ராணுவத்தில் சேர்ந்தார். விமானம் ஓட்டத் தெரியும் என்பதால் கிளைடர் பிரிவுக்கு மாற்றிக் கேட்டு வாங்கினார். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. ஒரு விமானம் கயிறு கட்டி இழுத்துப்போய் நடுவானில் விட்டுவிடும், பிறகு ஓட்டுபவர் பாடு. அப்புறம் ஆபத்தான வேலைக்கு ஆள் கேட்டபோது தானாகப் பெயர் கொடுத்தார். அப்படித்தான் 1943 கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார்.

1944 மார்ச் 5 இரவு, அஸ்ஸாமின் லாலாகாட் விமானத்தளத்திலிருந்து கிளைடர்கள் கிளம்பின. ஜப்பானியர்களின் எல்லைக்கு வெகு தூரம் உள்ளே, பர்மாக் காட்டில் மரமில்லாத ஒரு திட்டில் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் ‘சிண்டிட்’ என்ற படையினரை இறக்க வேண்டும். புல்லுக்குள் மரக்கட்டைகளும் பள்ளங்களும் மறைந்திருந்தன. இருட்டில் கிளைடர்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நொறுங்கின. ஜாக்கி உயிரோடு திரும்பினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பர்மாவிலிருந்து நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே உயிர் பிழைத்து வந்தது இதே மலைகளைத் தாண்டித்தான். என் அப்பா தலைமுறையில் பர்மா அகதி இல்லாத தெரு எங்கள் ஊரில் இருந்ததில்லை. அதனாலோ என்னவோ, ஜாக்கியின் வாழ்க்கையில் இந்தப் பகுதி எனக்கு ரொம்ப நெருக்கம்.

கேள்வி: வளர்ந்த பிறகு நடிக்கவே இல்லையா? — வாசகர், காரைக்கால்

பதில்: நடித்தார். 1964 முதல் 66 வரை வந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ தொலைக்காட்சித் தொடரில், மொட்டைத் தலையோடு வாயில் பல்பை வைத்து எரியவிடுவாரே ஃபெஸ்டர் மாமா, அவர்தான் ‘தி கிட்’ பையன். 1972-ல் சாப்ளின் பல வருடம் கழித்து அமெரிக்கா வந்தபோது இருவரும் சந்தித்துக் கட்டிக்கொண்டார்கள். 1984 மார்ச் 1-ல் ஜாக்கி இறந்தார். வயது 69.

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. சீரியலில் நடிக்கக் கேட்கிறார்கள். நம் நாட்டில் இதற்கெல்லாம் சட்டம் உண்டா? — வாசகி, ஈரோடு

பதில்: உண்டு. நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்ப நிம்மதி. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் 2017 விதிகளும் 14 வயதுக்குட்பட்ட குழந்தை நடிகர்களுக்கும் பொருந்தும். தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படிப்பு கெடாமல் ஏற்பாடு செய்வதும் அவர்கள் பொறுப்பு. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில், குழந்தையின் பெயரில், ஃபிக்சட் டெபாசிட்டாக நேரடியாகப் போட வேண்டும்.

அந்த 20 என்பது குறைந்தபட்சம்தான். வீட்டுச் செலவுக்கு அந்தப் பணம் தேவையில்லை என்றால் முழுவதையும் அவள் பெயரிலேயே போடுங்கள். எந்த வங்கி, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். குழந்தையின் விருப்பமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது என்றும் விதியில் இருக்கிறது. எனவே முதலில் மகளிடம் கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால், கம்பெனிக்காரர்கள் எத்தனை முறை போன் செய்தாலும் அவள் பக்கம் நில்லுங்கள்.