பாக்டீரியா புரோட்டீனை எப்படி வெளிய தள்ளுது? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஈ.கோலை-ங்கற பாக்டீரியாவ வச்சு புரோட்டீன் எடுக்குறதுதான் நம்ம பொழப்பு. அதுக்கு உள் மெம்பரேன், வெளி மெம்பரேன்னு ரெண்டு சவ்வு, நடுவுல இருக்குற இடம்தான் பெரிபிளாசம். புரோட்டீன் மடியுறது (அமினோ அமிலச் சங்கிலி சுருண்டு தன் வடிவத்துக்கு வர்றது), மெம்பரேன் தாண்டுறது பத்தி என்ன வேணா கேளுங்க. பரீட்சைக்கு ரெண்டு மார்க் பதில் மட்டும் கேக்காதீங்க, ப்ளீஸ்.

பிஎஸ்சி ரெண்டாம் வருஷம்: அக்கா, ரைபோசோம்லேந்து வந்ததுமே புரோட்டீன் மடிஞ்சிடும்னுதான் படிச்சோம். அப்புறம் எப்படி அந்தச் சின்ன ஓட்டை வழியா போகுது?

மடிஞ்சது போகாதுப்பா, விஷயமே அங்கதான் இருக்கு. பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது நடுவுல ஒரு முடிச்சு விழுந்தா சிக்கிக்கும்ல, அந்தக் கதைதான். வெளிய போற புரோட்டீன்ல பெரும்பாலானது செக் பாதையிலதான் போகுது, உள் மெம்பரேன்ல செக்ஒய்ஈஜி-னு ஒரு ஓட்டை, மடியாத சங்கிலி மட்டும்தான் அதுல நுழையும், அதனால செக்பி-னு ஒரு புரோட்டீன் சங்கிலிய மடிய விடாம புடிச்சு வச்சுக்கிட்டு செக்ஏ கிட்ட ஒப்படைக்குது, செக்ஏ, ஏடிபி-ங்கற சக்திப் பொருள செலவழிச்சு கொஞ்சம் கொஞ்சமா தள்ளி விடுது. சும்மா இருக்கும்போது அந்த ஓட்டைய ஒரு குட்டி அடைப்பு மூடியிருக்கும், இல்லைனா அயனியெல்லாம் ஒழுகி செல்லே காலி. இந்த அமைப்பு 2004ல ஆர்க்கியா-ங்கற வேற வகை நுண்ணுயிரோட புரோட்டீன்லதான் தெளிவா தெரிஞ்சுது.

சும்மா படிக்கிறவன்: எது உள்ள இருக்கணும், எது வெளிய போகணும்னு யார் சொல்றா?

புரோட்டீனே சொல்லுது. ஆரம்பத்துல 20–30 அமினோ அமிலம் நீளத்துக்கு சிக்னல் பெப்டைட் இருக்கும். முதல்ல பாசிட்டிவ் சார்ஜ், நடுவுல தண்ணி புடிக்காத பகுதி, கடைசில வெட்டுற இடம், அங்க பெரும்பாலும் அலனின். தாண்டினதும் சிக்னல் பெப்டிடேஸ் வெட்டிடும். முகவரி புரோட்டீன்லயே எழுதியிருக்குன்னு காட்டினதுக்குத்தான் குந்தர் பிளோபலுக்கு 1999ல நோபல், அவர் வேலை பண்ணது பாக்டீரியால இல்ல, ஆனா அடிப்படை ஒண்ணுதான். பல பேர் கவனிக்காத ஒண்ணு: இந்த சிக்னல் பெப்டைட் முகவரி மட்டும் இல்ல, மீதி சங்கிலி அவசரப்பட்டு மடியாம தாமதப்படுத்தவும் செய்யுது.

லேப்ல தூங்குறவன்: மேடம், ஜிஎஃப்பிய (பச்சையா ஒளிர்ற புரோட்டீன்) செக் சிக்னல் போட்டு பெரிபிளாசத்துக்கு அனுப்பினேன், பச்சையே வரல. க்ளோனிங் தப்பா?

க்ளோனிங்க திட்டாதீங்க. சாதாரண ஜிஎஃப்பி செக் வழியா மடியாம போய்ச் சேர்ந்தா, அங்க ஒழுங்கா மடிஞ்சு ஒளிராது, இது ரொம்ப வருஷமா தெரிஞ்ச விஷயம். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு டாட் பாதை, டார்ஏ-னு ஒரு புரோட்டீனோட சிக்னல் போட்டுப் பாருங்க. அது மடிஞ்ச புரோட்டீனையே கடத்தும், சிக்னல்ல ரெண்டு ஆர்ஜினின் அடுத்தடுத்து இருக்கும், ஏடிபி வேண்டாம், மெம்பரேன்ல இருக்குற புரோட்டான் வித்தியாசமே போதும். மாலிப்டினம் மாதிரி துணைப்பொருள் உள்ளயே ஏத்திக்க வேண்டிய என்சைமெல்லாம் இப்படித்தான் போகுது. இன்னொண்ணு, சூப்பர்ஃபோல்டர் ஜிஎஃப்பிக்கு (நல்லா மடியுற ரகம்) மாறி டிஎஸ்பிஏ-ங்கற என்சைமோட சிக்னல் போடுங்க, ரைபோசோம்லேந்து வரும்போதே கடத்திடும்.

எம்எஸ்சி பயோகெம்: பெரிபிளாசத்துல ஏடிபியே இல்லையே, அங்க மடிய யார் உதவி பண்றா?

நல்ல கேள்வி. உள்ள க்ரோஈஎல் மாதிரி ஏடிபி தின்னு மடிய உதவுறவங்க இருக்காங்க, வெளிய அந்த வசதி இல்ல. ஆனா டைசல்ஃபைடு பிணைப்பு (ரெண்டு சிஸ்டீன் அமினோ அமிலத்த இணைக்கிறது) போட ஏத்த இடம் அதுதான், ஏன்னா செல்லுக்கு உள்ள இருக்குற சைட்டோபிளாசம் அந்தப் பிணைப்ப உடைச்சிடும். டிஎஸ்பிஏ பிணைப்பு போடும், தப்பான சிஸ்டீன் ஜோடி சேர்ந்துட்டா டிஎஸ்பிசி மாத்தி விடும். டிஎஸ்பிஏவ 1991ல பெக்வித் குழு கண்டுபிடிச்சாங்க. வெளி மெம்பரேனுக்குப் போறத சர்ஏவும் ஸ்கிப்பும், அத வெளி மெம்பரேன்ல பொருத்துற பாம் இயந்திரம் வரைக்கும் கூட்டிட்டுப் போகும், தேறாதத டெக்பி-ங்கற என்சைம் கடிச்சுத் தின்னுடும்.

நர்சிங் படிக்கிறேன்: அக்கா, காலரா நஞ்சும் இப்படித்தான் வருதா?

அது ரெண்டு கட்டமா வருது. துண்டு துண்டா செக் வழியா பெரிபிளாசம் வந்து, அங்க மடிஞ்சு, ஒரு ஏ துண்டும் அஞ்சு பி துண்டும் சேர்ந்து முழுசாகும். அப்புறம் அந்த முழு உருவமும் டைப் 2 இயந்திரம் வழியா வெளி மெம்பரேன தாண்டுது. அதாவது முதல் கதவுல மடிஞ்சிருக்கக் கூடாது, ரெண்டாவது கதவுல மடிஞ்சே ஆகணும். காலரா பாக்டீரியா வளர்ந்த திரவத்த வடிகட்டி எடுத்த, பாக்டீரியா இல்லாத வடிநீரே முயல் குடல்ல திரவத்த சுரக்க வைக்குதுன்னு 1959ல காட்டினது கொல்கத்தாவோட சம்பு நாத் டே, நம்ம பாடப்புத்தகத்துல அவருக்கு ஒரு வரியாவது வேணும்.

சால்மொனெல்லா வேற ரகம். டைப் 3 ஊசி வழியா தன்னோட புரோட்டீனை நேரா நம்ம செல்லுக்குள்ளயே ஏத்திடும், அதுலயும் மடியாமதான் போகணும்.

அப்பாக்கு சுகர்: இன்சுலினயும் பாக்டீரியாதான் வெளிய தள்ளுதா?

1982ல அனுமதி வாங்கின முதல் மனித இன்சுலின் அப்படி இல்லங்க. ஏ, பி சங்கிலிய தனித்தனியா செய்ய வச்சு, செல்ல உடைச்சு எடுத்து, வெளிய வச்சு சேர்த்தாங்க. ஆனா 1978லயே கில்பர்ட் ஆய்வகத்துல எலியோட புரோஇன்சுலினை (இன்சுலினோட முன்வடிவம்) பெனிசிலினேஸ்-ங்கற பாக்டீரியா என்சைமோட இணைச்சு பெரிபிளாசத்துக்கு அனுப்பிக் காட்டிட்டாங்க.

பிஎச்டி மூணாவது வருஷம்: சிக்னல் போட்டும் எல்லாம் இன்க்ளூஷன் பாடியா (செல்லுக்குள்ள கட்டியா) உக்காந்திருக்கு அக்கா, என்ன பண்றது?

அதிகமா செய்ய வச்சுட்டீங்கன்னு நினைக்கிறேன். செக்ல நெரிசல் ஆனா, வெளிய போக முடியாதது எல்லாம் உள்ளயே கட்டியாகும். புரோட்டீனை அளவு வாரியா பிரிக்கிற ஜெல்ல நெருக்கமா ரெண்டு பேண்டு தெரிஞ்சா, மேல இருக்குறது பெரும்பாலும் சிக்னல் வெட்டப்படாதது, சுமார் 2 கிலோடால்டன் கூட இருக்கும். ஐபிடிஜிய (புரோட்டீன் செய்யத் தூண்டுற ரசாயனம்) குறைங்க, 37 டிகிரிலேந்து 20 பக்கம் இறக்குங்க, அறுவடைய அடுத்த நாள் காலைல வச்சுக்கங்க. அப்பவும் வரலைனா சிக்னல மாத்துங்க, ஒரு புரோட்டீனுக்கு ஒத்துவர்ற சிக்னல் இன்னொண்ணுக்கு ஒத்துவராது, முன்கூட்டியே சொல்ல யாராலயும் முடியாது, நாலஞ்சு போட்டுப் பாக்க வேண்டியதுதான். கைடு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.